கருமுடிப் பச்சை

அக்டோபர் 9

கிடைத்துவிட்டது. அம்புரோஸ் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு எடுத்து வந்துவிட்டேன்.

சேலத்தில் பழைய தோட்டத்துரை பங்களா ஒன்றை இடிக்கிறார்கள் என்று தகவல் வந்ததும் வந்தவாசியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தேன். என்னைப் போலவே தபால்தலை சேகரிக்கும் பாண்டிச்சேரி அம்புரோஸ் காரில் சொகுசாக வந்து இறங்குவதற்குள் பேரம் முடிந்திருந்தது. துருப்பிடித்த பிஸ்கட் டின் ஒன்று. அதற்குள் சில தபால் உறைகள், ஒரு கட்டுத் தாள். அம்புரோஸ் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கல்யாண வீட்டுக்குப் பந்தி முடிந்து வந்தவன் முகம்.

பின்னாளில் யாராவது இந்த டைரியைப் புரட்டினால் புரிய வேண்டும் என்று எழுதிவைக்கிறேன். ஆயிரத்து எண்ணூற்று எழுபதுகளில் கருமுடி மலையில் காப்பித் தோட்டம் போட்ட ஒரு வெள்ளைக்காரன், சர்க்கார் தபால் மலை ஏறி வராது என்று தெரிந்ததும் தானே ஒரு தபால் நடத்தினான். ஈட்டியில் சலங்கை கட்டிக்கொண்டு ஓடும் ஆட்களை வைத்தான். தபால்தலையும் தானே அடித்தான். பச்சை நிறம், நடுவில் ஈட்டி, ஈட்டியில் சலங்கை. கொஞ்ச காலத்தில் சர்க்கார் அதை இழுத்து மூடிவிட்டது. மிஞ்சியவை மிகச் சில. சேகரிக்கிறவர்கள் நடுவில் அதற்குப் பெயர் கருமுடிப் பச்சை.

டின்னில் இருக்கும் கட்டு, ஒருமுறைகூடப் பயன்படுத்தாத முழுத் தாள்கள். என்றைக்கோ ஈரம் பட்டுப் பின்பக்கப் பசை இளகி, ஒன்றோடொன்று ஒட்டிச் செங்கல் மாதிரி இறுகிவிட்டது. பிரித்துவிட்டால் போதும். முழுத் தாளை இதுவரை எவனும் கண்ணால் பார்த்ததில்லை. சப்-ரெஜிஸ்திராராக இருந்து ஊரார் பத்திரத்துக்கெல்லாம் முத்திரை குத்திய ஸ்ரீபாலன் நயினார் பெயர் கடைசியில் ஒரு நல்ல காரியத்தில் நிற்கும்.

அக்டோபர் 11

அம்புரோஸ் போன். "நயினாரே, சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. அது ஒரிஜினல் இல்ல. கல்கத்தாவுல பின்னாடி எவனோ அடிச்ச போலி. வேணும்னா நான் எடுத்துக்கறேன், உங்களுக்கு எதுக்கு நஷ்டம்?"

போலியை இவர் எதற்கு எடுத்துக்கொள்ள வேண்டுமாம்? சர்வீஸ் முழுக்கப் பொய்க் கையெழுத்துகளோடு மல்லுக்கட்டியவன் நான். என்னிடமே!

அக்டோபர் 12

பின்கட்டு அறையில் உள்ள கண்ணாடி அலமாரியில் வேலையைத் தொடங்கிவிட்டேன். தண்ணீரில் போட்டால் பச்சை கரைந்துபோகும். கத்தி நுனியை விட்டால் கிழியும். ஈரக்காற்று ஒன்றுதான் வழி. தட்டில் நனைத்த துணி, அதன்மேல் கம்பி வலை, வலைமேல் கட்டு. பசை தானாக இளகித் தாள் தானாக விட வேண்டும். அவசரப்படுகிறவன் இந்தத் தொழிலுக்கே வரக்கூடாது. ஓட்டுக் கூரை, வடக்குப் பார்த்த ஜன்னல், மழைக்காலம். இதைவிடத் தோதான அறை இந்த வீட்டில் கிடையாது.

அக்டோபர் 16

சுனந்தா பிரசவத்துக்கு வந்துவிட்டாள். ஏழாம் மாதம். மாப்பிள்ளை பரதன் புனேயிலிருந்து கூடவே வந்து விட்டுவிட்டு மறுநாளே லீவு இல்லையென்று கிளம்பிவிட்டார். அவள் அம்மா இருந்திருந்தால் வீடே வேறு மாதிரி இருந்திருக்கும். வேலைக்கு வரும் அஞ்சலையைப் பகல் முழுக்க இருந்து சமையலையும் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

மாடிப்படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். கீழே பாத்ரூமோடு இருப்பது பின்கட்டு அறை மட்டும்தான்.

"அலமாரிய மாடிக்கு மாத்திடலாமேப்பா?" என்றாள்.

"இப்ப அத அசைக்கக் கூடாதும்மா. ஒரு மாசம் ஆடாம அசையாம இருக்கணும்."

"நானும் அப்படித்தான் இருக்கணுமாம்" என்று சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து அலமாரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன ஒரு பச்சை, அப்பா!"

எனக்குப் பெருமையாக இருந்தது. ஜன்னலை மட்டும் திறக்க வேண்டாம் என்றேன். அறை உலர்ந்துவிடும். குளிர்காற்று அவளுக்கும் ஆகாது.

அக்டோபர் 20

மகாவீரர் நிர்வாணம், அவர் முக்தி அடைந்த நாள். ஊருக்குத் தீபாவளி. விடியுமுன் ஜினாலயம் போய் வந்தோம். சுனந்தா லட்டு பிடித்தாள், அவள் அம்மா பிடிப்பது போலவே கொஞ்சம் நசுங்கலாக. பக்கத்து வீட்டுத் தணிகாசலம் மகன்கள் வெடித்த வெடியில் அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. சொல்லி அனுப்பினேன். கேட்டால்தானே!

அக்டோபர் 25

ஒரு விசித்திரம். என் மற்ற ஆல்பங்களையெல்லாம் ராமபாணப் பூச்சி அரித்துக் கோலம் போட்டுவிட்டது. நாங்கள் ஜைனர்கள். பூச்சியைக் கொல்ல மாட்டோம். மெல்லிய தூரிகையால் ஒவ்வொன்றாகத் தள்ளி வெளியே விடுவது என் காலை வேலை. ஆனால் கருமுடிக் கட்டை ஒரு பூச்சிகூடத் தொடவில்லை. ஓரம்கூடக் கடிபடவில்லை. நல்ல சரக்குக்குப் பூச்சியும் மரியாதை கொடுக்கிறது.

அலமாரியின் அடித்தட்டில் சில பூச்சிகள் செத்துக் கிடந்தன. ஆயுள் முடிந்திருக்கும்.

அக்டோபர் 29

முதல் தாள் விட்டது!

ஒரு முனையைச் சாமணத்தால் தூக்கினேன், வாழையிலை மாதிரி வந்தது. வரிசை வரிசையாக ஈட்டிகள். ஒரு கிழிசல் இல்லை. சுனந்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். தலைவலி என்று படுத்திருந்தவள் எழுந்து வந்து பார்த்துவிட்டு, என் தோளில் தட்டினாள். என் கண் கலங்கிவிட்டது.

கட்டின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருக்கிறது. துடைத்துவிடலாம். பூஞ்சையும் உயிர்தானே என்று விட்டுவைத்தேன். துடைத்தால் தாளும் சிராய்த்துப்போகும்.

நவம்பர் 1

வீட்டில் பூண்டு வாசனை.

எங்கள் வீட்டில் வெங்காயமே கிடையாது, பூண்டு எங்கிருந்து வரும்? அஞ்சலையைக் கேட்டேன். "ஐயா, நான் உங்க வூட்டுக்குள்ள அத எடுத்தாந்தா என் கை வெளங்குமா?" என்று சண்டைக்கு வந்தாள். அவள் சொல்வது சரிதான். தணிகாசலம் வீட்டுச் சமையலறை எங்கள் பின்கட்டுச் சுவரை ஒட்டியிருக்கிறது. மளிகைக்கடைக்காரன். மூட்டை மூட்டையாக நசுக்குவான்போல.

சுனந்தாவுக்கு அந்த வாசனை வயிற்றைப் புரட்டுகிறதாம். இரண்டுமுறை வாந்தி.

நவம்பர் 4

டாக்டரிடம் போனோம். எட்டாம் மாதத்தில் வாந்தி சிலருக்குத் திரும்ப வரும் என்றார். உள்ளங்கை மரத்துப்போகிறது, ஊசி குத்துவது போல இருக்கிறது என்று சுனந்தா சொன்னதற்குச் சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். "மூக்கு இந்த நேரத்துல ரொம்ப கூர்மையா இருக்கும்மா, இல்லாத வாசனையெல்லாம் வரும்."

எனக்கும் வருகிறதே என்று சொல்ல வாயெடுத்தேன். நான் கர்ப்பிணி இல்லை என்று சிரிப்பார்கள்.

இரண்டாவது தாளும் விட்டது.

நவம்பர் 8

அம்புரோஸ் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். ஆரஞ்சுப் பழமெல்லாம் வாங்கிக்கொண்டு. மகளைப் பார்க்க வந்ததாகப் பேச்சு. எனக்குத் தெரியாதா எதைப் பார்க்க வந்தார் என்று?

சரி, வயிறு எரியட்டும் என்று அறைக்குள் அழைத்துப் போனேன். சுனந்தா அப்போது கூடத்தில் இருந்தாள். உள்ளே வந்த மனிதர் அலமாரிக்கே போகவில்லை. நடு அறையில் நின்று மூக்கை உறிஞ்சினார்.

"இங்க யாரு தூங்கறாங்க?"

"சுனந்தா."

அவர் முகம் மாறியது. "நயினாரே, நான் சொல்றத கொஞ்சம் காது குடுத்துக் கேளுங்க. அந்தக் காலத்துல இந்த மாதிரி பச்சைக்குப் பாஷாணம் கலப்பாங்க. காய்ஞ்சு கெடந்தா பரவால்ல. ஈரத்துல வெச்சு பூஞ்சை புடிச்சா, அதுலேருந்து விஷக்காத்து வரும். பூண்டு மாதிரி நாத்தம் அடிக்கும். புள்ளத்தாச்சிப் பொண்ண இதுல படுக்க வெக்கலாமா?"

"போன மாசம் போலின்னு சொன்னீங்களே, அம்புரோஸ்?"

"சொன்னேன். ஏன் சொன்னேன்னு உங்களுக்குத் தெரியும். இப்ப அதுக்காகச் சொல்லல."

"போலியில யாரு பாஷாணம் கலந்தாங்க?"

அவர் தலையில் அடித்துக்கொண்டார். "சரி, ஒரு வழி சொல்றேன். இப்பவே கார்ல எடுத்துட்டுப் போறேன். வெல நீங்க என்ன சொன்னாலும் சரி."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். முதலில் போலி என்றார், பலிக்கவில்லை. இப்போது விஷம் என்கிறார். அடுத்தமுறை இந்த டின்னில் பேய் இருக்கிறது என்பார். இந்தத் தொழிலில் ஒருவன் உன் சரக்கைப் பற்றி எதைச் சொன்னாலும் அதன் வாலில் ஒரு விலை தொங்கும். அவருக்கு நான் பல வருடமாக இதையே செய்திருக்கிறேன், அவரும் எனக்கு.

வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். "பணமே வேணாம்யா, சும்மாவாவது குடு" என்றார், காரில் ஏறும்போது. ஒருநாளும் அவர் என்னை ஒருமையில் பேசியதில்லை. நல்ல நடிகர்.

நவம்பர் 9

எதற்கும் இருக்கட்டும் என்று இரவில் மட்டும் அலமாரிக் கதவை இறுக மூடிவைக்கிறேன்.

நவம்பர் 12

அம்புரோஸ் வாயை அடைக்க ஒரு வழி. ஓரம் சிதைந்த தபால்தலை ஒன்றைச் சென்னையில் உள்ள நிபுணர் ஒருவருக்கு அனுப்பிவைத்தேன். தாள், மை இரண்டையும் ஏதோ கதிர் பாய்ச்சிச் சோதித்து, அசலா போலியா என்று சொல்வாராம். ஜனவரியில் சென்னையில் கண்காட்சி. அசல் என்று அவர் வாயால் வந்துவிட்டால் நடுநாயகமாக வைப்பார்கள்.

நவம்பர் 17

கார்த்திகை முதல் நாள். வாசனை இன்றைக்கு இன்னும் அதிகம். சுனந்தா இரண்டு இட்லிகூட உள்ளே தங்காமல் கிடக்கிறாள். பொறுத்தது போதும் என்று தணிகாசலம் வீட்டுக்கு நேரே போய்விட்டேன்.

"ஏன்யா, வயித்துப்புள்ளக்காரி இருக்கற வீட்டுப் பக்கத்துல இப்படியா பூண்ட வதக்குவீங்க?"

தணிகாசலம் கழுத்தில் துளசி மாலையோடு கறுப்பு வேட்டியில் வெளியே வந்தார். "சாமி, காலைலதான் நானும் பசங்களும் மாலை போட்டோம். ஊட்டுல வெங்காயம் பூண்டு எதுவும் கெடையாது. நேத்தே அடுப்பெல்லாம் கழுவியாச்சு. வேணும்னா உள்ள வந்து பாருங்க சாமி."

அவர் மனைவி பின்னால் நின்று, "எங்களுக்கும்தான் ஐயா வாசன வருது. உங்க வூட்டுப் பக்கத்துலேருந்துதான் வருதுன்னு இவர்கிட்ட சொல்லிக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

பெரிய மனிதனாக மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். தெருவில் வேறு வீடா இல்லை? காற்று எங்கிருந்து வேண்டுமானாலும் கொண்டுவரும்.

நவம்பர் 19

அஞ்சலை பின்கட்டு அறையைப் பெருக்கும்போது அலமாரிக்குப் பின்னால் இரண்டு பல்லி செத்துக் கிடந்ததாம். முறத்தில் கொண்டுவந்து காட்டினாள். "ஐயா, பாப்பாவ மாத்திப் படுக்க வைங்க. எனக்கு என்னமோ மனசு சரியில்ல." பல்லி சாவதற்கெல்லாம் சகுனம் பார்த்தால் குடித்தனம் நடக்குமா என்று கேட்டேன். வடிகட்டாத தண்ணீர்கூடக் குடிக்காத வீட்டில் இரண்டு உயிர் போனது வருத்தம்தான். நவகார மந்திரம் சொல்லிப் புதைத்தேன்.

நவம்பர் 20

சுனந்தா நேற்று தானாகவே கூடத்தில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டாள். காலையில் முகம் தெளிந்திருந்தது. இட்லி சாப்பிட்டாள், அஞ்சலையோடு சிரித்துப் பேசினாள். எனக்கு அதைப் பார்த்துச் சந்தோஷம்.

ஆனால் கூடத்தில் கொசு. வாசல் கதவிடுக்கில் வாடைக்காற்று. வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு தரையில் படுப்பதாவது? திரும்ப அறைக்கே அனுப்பிவிட்டேன். நான் கூடத்தில் படுத்துக்கொண்டேன்.

நவம்பர் 22

இன்னும் நான்கு தாள்தான். அடியில் உள்ளவை கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. துணியை இன்னும் நன்றாக நனைத்தேன்.

நவம்பர் 25

கை ஓடவில்லை. எழுதினால் கொஞ்சம் அடங்கும் என்று எழுதுகிறேன்.

நேற்று காலை சுனந்தா பாத்ரூம் வாசலில் விழுந்து கிடந்தாள். அஞ்சலை போட்ட கூச்சலில் தணிகாசலம் ஓடிவந்து, தன் கடை வேனில் காஞ்சிபுரத்துக்குக் கொண்டுபோனார். என்னால் அவள் தலையை மடியில் வைத்துக்கொள்ள மட்டும்தான் முடிந்தது. வழியெல்லாம், "அப்பா, கால் இருக்கற மாதிரியே தெரியல" என்றாள். அவள் சிறுமியாக இருந்தபோது காய்ச்சலில் இப்படித்தான் என் சட்டையைப் பிடித்துக்கொள்வாள்.

குழந்தையின் துடிப்பு குறைகிறது என்று உடனே ஆபரேஷன் செய்துவிட்டார்கள். பெண் குழந்தை. கோழிக்குஞ்சு எடைதான் இருக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். வெளியே நின்று பார்த்தேன். உள்ளே இதமான சூடும் ஈரமும் ஒரே அளவில் இருக்க வேண்டுமாம். எப்படி அளக்கிறீர்கள் என்று நர்ஸிடம் கேட்டேன். அந்தப் பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

மாப்பிள்ளை வந்துவிட்டார். மத்தியானம் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு ஒரு நடை போய் வந்தேன். அலமாரித் துணி காய்ந்திருந்தது. நனைத்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 30

ஆஸ்பத்திரிச் சாப்பாடு சுனந்தாவுக்கு ஒத்துக்கொண்டது. வாந்தி நின்றுவிட்டது. தலைவலி இல்லை. கை மரப்பு மட்டும் இருக்கிறது. டாக்டரம்மா அவள் நகங்களை உற்றுப் பார்த்தார். எல்லா நகத்திலும் குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு. "வீட்ல ஏதாவது நாட்டு மருந்து, பூச்சி மருந்து, எலி பாஷாணம்?" என்று கேட்டார்.

"நாங்க ஜைனங்க டாக்டர். எறும்பக்கூட மிதிக்க மாட்டோம்" என்றேன்.

உண்மையைத்தான் சொன்னேன்.

டிசம்பர் 3

காலையில் சென்னை நிபுணர் போன். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுதான் பேசினேன்.

"வாழ்த்துகள் சார். சந்தேகமே இல்லாம ஒரிஜினல். பச்சையில ஆர்செனிக் இருக்கு. அந்தக் காலத்து மை. பின்னாடி அடிச்ச போலி எதுலயும் இது இருக்காது. அதான் சார் உங்களுக்குச் சர்ட்டிபிகேட்டே." பிறகு குரலை இறக்கி, "ஒண்ணு மட்டும். ஈரம் படாம வையுங்க. கையுறை போட்டுக்கங்க. படுக்கற ரூம்ல வெக்காதீங்க" என்றார்.

அசல்! வராந்தாவில் போய்க்கொண்டிருந்த வார்டுபாய் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன். முப்பது வருடமாகச் சேகரித்ததற்குப் பலன். என் கால் தரையில் பாவவில்லை. நேரே சுனந்தா கட்டிலுக்கு ஓடினேன்.

"சுனந்தா! ஒரிஜினல்னு சொல்லிட்டாங்கம்மா! ஆர்செனிக் இருக்காம்! அதுதான் அத்தாட்சியாம்!"

அவள் குழந்தைக்குப் பாலைப் பீய்ச்சிக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது.

"என்ன இருக்காம்?"

நான் போனைச் சட்டைப்பைக்குள் போட்டேன்.

"அம்புரோஸ் மாமா அன்னைக்கு வந்து இதத்தானே சொன்னாரு? கூடத்துலேருந்து எனக்குக் கேட்டுச்சுப்பா. நீங்க சிரிச்சீங்க. அப்பா சிரிக்கறாரே, அப்ப ஒண்ணும் இருக்காதுன்னு நெனச்சேன்."

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுத் தன் நகங்களைப் பார்த்தாள். அப்புறம் அந்தப் பாலைப் பார்த்தாள். நான் இந்த வயதில் எத்தனையோ பேர் முகத்தைப் பார்த்திருக்கிறேன், சொத்தை ஏமாந்து எழுதிக்கொடுத்துவிட்டு அழுதவர்களையெல்லாம். அந்த முகங்களில் எதுவும் இப்படி இல்லை. அங்கே நிற்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன்.

டிசம்பர் 5

டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். சுனந்தாவுக்கு உடம்பிலிருந்து மெல்ல இறங்கிவிடும், பால் கொடுக்கலாம், ஆனால் குழந்தை தாங்காது, இன்னொருமுறை அந்தக் காற்று பட்டால் தன்னால் எதுவும் சொல்ல முடியாது என்றார். புனேவுக்கு இப்போது பிரயாணம் கூடாது. ஒரு மாதமாவது பக்கத்தில் இருக்க வேண்டும். எங்கள் வீட்டை விட்டால் வேறு இடமில்லை.

மாப்பிள்ளை என்னோடு பேசுவதில்லை. சுனந்தா பேசினாள். குரல் உயரவில்லை.

"அப்பா, ஒண்ணே ஒண்ணுதான். நான் புள்ளைய தூக்கிட்டு வரும்போது அது வீட்ல இருக்கக் கூடாது."

"இருக்காதும்மா."

"அம்மா மேல சத்தியமா?"

"சத்தியமா."

டிசம்பர் 7

அறையைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, ஜன்னலை அகலத் திறந்துவைத்தாயிற்று. அலமாரி வெளியே போய்விட்டது. இனி டின்தான்.

அம்புரோஸிடம் கொடுத்துவிடுவது என்றுதான் கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டுவரை போனேன். பாண்டிச்சேரி பஸ் நின்றுகொண்டிருந்தது. கண்டக்டர்கூடக் கூப்பிட்டான். ஜனவரியில் அவர் பெயர்ப் பலகைக்குக் கீழே என் தாள்கள் இருக்கும். நடுநாயகமாக. ஜனங்கள் அவர் கையைக் குலுக்குவார்கள். பஸ் போய்விட்டது.

வங்கி லாக்கரில் டின் நுழையாது. யார் வீட்டிலும் வைக்க முடியாது. ரெஜிஸ்திரார் ஆபீசில் உட்கார்ந்தவனுக்கு யாரை நம்புவது என்பது தெரியும், யாரையும் இல்லை என்பதுதான் அது. ஜனவரி வரைக்கும்தானே. காய்ந்து கிடந்தால் பரவாயில்லை என்று அம்புரோஸே சொன்னார். இரண்டு பிளாஸ்டிக் உறை போட்டு நூலால் இறுகக் கட்டிப் பலகைப் பரணில் வைத்துவிட்டேன். பரண் வாய் சமையலறைப் பக்கம் இருக்கிறது. நீளவாக்கில் பின்கட்டு அறைக்கு மேலேவரை போகிறது, அது வேறு விஷயம். அறையில் இல்லை. அறைக்குள் இல்லவே இல்லை.

டிசம்பர் 9

குழந்தை வீட்டுக்கு வந்துவிட்டது. அஞ்சலை ஆரத்தி எடுத்தாள். சுனந்தா வாசற்படியிலேயே நின்றாள்.

"அது?"

"அம்புரோஸ்கிட்ட குடுத்துட்டேன்."

என் முகத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு குழந்தையை என் கையில் கொடுத்தாள். அவ்வளவு நாளும் தொட விடவில்லை. என் கட்டைவிரலை அது பிடித்துக்கொண்டது. நகங்கள் அரிசி நொய் மாதிரி. நான் அழுதுவிட்டேன். சுனந்தாவும் அழுதாள். "விடுங்கப்பா, போச்சு" என்றாள்.

மாப்பிள்ளை என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, சாயங்காலம் புனேவுக்குக் கிளம்பினார்.

டிசம்பர் 12

காலையில் தணிகாசலம் மலைக்குக் கிளம்பிவிட்டார், இருமுடியோடு, மகன்களோடு. மனைவி திண்டிவனத்தில் உள்ள தாய் வீட்டுக்குப் போகிறாளாம். வாசலில் நின்று வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்து, செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். சுனந்தா உள்ளே குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தாள்.

வங்கக்கடலில் புயல் சின்னம் என்று ரேடியோவில் சொல்கிறார்கள். பின்கட்டு ஓட்டை மாற்றக் கொத்தனாருக்கு ஆள் அனுப்பினேன். மழை விட்டதும் வருகிறானாம்.

டிசம்பர் 14

நேற்றிலிருந்து கொட்டுகிறது. விடிந்ததும் முதல் வேலையாகப் பரணில் ஏறினேன்.

ஓடு விலகிச் சொட்டிக்கொண்டிருக்கிறது. நேரே டின்மேல். பிளாஸ்டிக்குக்குள் தண்ணீர் கோத்து, கட்டு முழுக்கப் பஞ்சு மாதிரி வெள்ளையாகப் பூத்திருந்தது. வாசனை முகத்தில் அறைந்தது. எடுத்துக்கொண்டு போய்த் தெருக்கோடியில் வைத்துவிட வேண்டும் என்றுதான் அவிழ்த்தேன். அப்போதுதான் கவனித்தேன். நான் அவ்வளவு நாள் பாடுபட்டும் விடாத அடித்தாள்கள் தாமாகவே விட்டிருந்தன. ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு கிழிசல்கூட இல்லாமல். கடைசித் தாளின் ஓரத்தில் அச்சடித்தவன் கைப்பட ஏதோ எழுதியிருக்கிறான், ஈட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன ஈட்டி வரைந்து பார்த்திருக்கிறான். உலகத்தில் இதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்து, காய்வதற்காகப் பலகைமேல் பரப்பினேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

பிறகு குனிந்தபோது பலகை இடுக்கு வழியாகக் கீழே அறை தெரிந்தது. தொட்டில் தெரிந்தது. குழந்தையின் ஒரு கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. என் கையிலிருந்து உதிர்ந்த பச்சைத்தூள் பலகைமேல் கிடந்தது. துண்டால் துடைத்தேன். கொஞ்சம் இடுக்கில் இறங்கிவிட்டது.

எனக்குப் பயமாக இருக்கிறது. அதை எழுதிவிடுகிறேன். இறங்கி வந்து இரண்டுமுறை கை கழுவினேன். தாள்கள் காய்ந்ததும் எடுத்துவிட வேண்டும். நனைந்த தாளைக் கையில் எடுத்தால் கிழியும். சாயங்காலம் வரைக்கும்தான்.

காலையிலிருந்து குழந்தை சரியாகப் பால் குடிக்கவில்லையென்று அஞ்சலை சொன்னாள். ஜன்னலை மழைக்காக மூடியிருக்கிறார்கள்.

சற்று முன்பு அறைக்குள்ளிருந்து சுனந்தா கூப்பிட்டாள்.

"அப்பா... உங்களுக்கு வாசன எதுவும் வருதா?"

கூடத்தில் உட்கார்ந்து இதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

"பக்கத்து வீட்லம்மா" என்றேன். "மாலைய கழட்டிட்டாங்கபோல. மறுபடி பூண்டு வதக்கறாங்க."

உள்ளே தொட்டில் ஆடும் சத்தம் கேட்டது. நம்பியிருப்பாள். சட்டைப்பையில் தணிகாசலம் வீட்டுச் சாவி நெஞ்சைக் குத்திக்கொண்டிருக்கிறது.